வேறு ஓஎஸ்-க்கு சி நிரலைக் கொண்டுபோகும்போது: இந்தப் பெயரை யார் தந்தார்கள்?

லினக்ஸில் சத்தமே இல்லாமல் பில்டு ஆகும் சி நிரலை ஃப்ரீபிஎஸ்டி-க்கோ மேக்ஓஎஸ்-க்கோ விண்டோஸுக்கோ கொண்டுபோய், பில்டு செய்யும் மேக் கட்டளையை அடித்தால் திரை முழுக்க எரர் கொட்டும். அந்த நேரத்தில் பலர் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்குவார்கள். இன்னும் சிலர் எரரை அடக்கும் ஃப்ளாக் ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பார்கள். முதலாவது நேர விரயம். இரண்டாவது, தலைவலி போய் திருகுவலி வந்த கதை.

பிறர் எழுதிய சி ப்ராஜெக்ட்களை பிஎஸ்டி குடும்பத்துக்கும் ஆல்பைன் லினக்ஸுக்கும் போர்ட் செய்து, அதாவது அங்கேயும் ஓடும்படி மாற்றி, அந்தத் திருத்தத்தை (பேட்ச்) அந்த ஆசிரியர்களுக்கே அனுப்புவது எனக்குப் பழகிய வேலை. எந்த எரர் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பெயரை நிரலுக்குத் தந்தது யார்? சி தரம் தந்ததென்றால் எங்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் ஹெட்டரை விட்டுவிட்டோம். யூனிக்ஸ் வகை ஓஎஸ்-களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸ் தந்ததென்றால் யூனிக்ஸ் வழி வந்தவற்றில் இருக்கும், விண்டோஸில் மாற்று தேட வேண்டும். குளிப்சி, அதாவது பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் ஜிஎன்யூ சி லைப்ரரி, தன் சொந்த வசதியாகத் தந்ததென்றால் அதை வேறு எங்குமே எதிர்பார்க்கக் கூடாது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விடை மேன் பக்கத்திலேயே இருக்கிறது. ஃபங்ஷனின் மேன் பக்கத்தைத் திறந்து அடிப்பகுதியில் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற தலைப்பைப் பாருங்கள். பழைய லினக்ஸ் பக்கங்களில் அதன் பெயர் கன்ஃபார்மிங் டூ. பழைய சிஸ்டம், புதிய சிஸ்டம் இரண்டின் மேன் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது என் வழக்கம். தேடுபொறியைவிட இது வேகமானது. கிடைக்கும் பதிலும் உங்கள் கணினியில் இருக்கும் பதிப்புக்கே உரியது.

ஒரு சிறு குறிப்பு: ஃபைல், மேக்ரோ, கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதல் எரர் மட்டும்

மேக்கை மைனஸ் ஜே இல்லாமல், ஒரு நேரத்தில் ஒரு வேலையாக ஓட்டுங்கள். இல்லையென்றால் நாலு ஃபைல்களின் எரர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எரர் வெளியீட்டையும் சேர்த்து டீ கட்டளை மூலம் ஒரு ஃபைலில் சேமியுங்கள். கம்பைலர் கட்டளையையே காட்டாமல் மறைக்கும் பில்டு அமைப்பாக இருந்தால் ஆட்டோமேக்குக்கு வி=1, சிமேக் உருவாக்கிய மேக்ஃபைலுக்கு வெர்போஸ்=1, நிஞ்சாவுக்கு மைனஸ் வி கொடுங்கள். எந்த ஃப்ளாக்கோடு கம்பைலர் ஓடியது என்று தெரியாமல் எரரைப் படிப்பதில் பயன் இல்லை.

அப்புறம் முதல் எரருக்குப் போங்கள். ஒரு டைப் பெயர் கம்பைலருக்குத் தெரியவில்லை என்றால், அந்த டைப்பைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வரியும் எரராகும். ஒரே ஒரு இன்க்ளூட் வரியில் நூறு எரர் மறையும். ஒன்றைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். சலிப்பாக இருந்தாலும் இதுதான் குறுக்குவழி.

எரர் எந்தக் கட்டத்தில் வந்தது என்பதையும் கவனியுங்கள். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் ப்ரீப்ராசஸர் நிலையிலேயே நின்றுவிட்டது. 'அன்நோன் டைப் நேம்', 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' எல்லாம் கம்பைலர் சொல்வது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' அல்லது 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்றால் லிங்கர் பேசுகிறது. அப்போது ஹெட்டரில் கை வைத்துப் பயனில்லை.

ஹெட்டர் கிடைக்கவில்லை

மிக எளிதானது மல்லாக்.ஹெச். மல்லாக் ஃபங்ஷனை சி தரம் எஸ்டிடிலிப்.ஹெச்-இல் வைத்திருக்கிறது. ஆனாலும் பழைய நிரல்களில் மல்லாக்.ஹெச் அப்படியே கிடக்கும். ஃப்ரீபிஎஸ்டி-யில் அந்த ஃபைல் இருக்கிறது. உள்ளே, இதற்குப் பதில் எஸ்டிடிலிப்.ஹெச் வந்துவிட்டது என்று சொல்லி எரர் போடுவது மட்டும்தான் அதன் வேலை. அலோகா.ஹெச் அங்கே கிடையாது. அந்த அறிவிப்பும் எஸ்டிடிலிப்.ஹெச்-இலேயே இருக்கிறது.

குளிப்சி-க்குப் பதிலாக ஆல்பைன் பயன்படுத்தும் மஸ்ல் என்ற சி லைப்ரரியில் எரர்.ஹெச், எக்ஸெக்இன்ஃபோ.ஹெச், எஃப்டிஎஸ்.ஹெச், சிஸ்/க்யூ.ஹெச், சிஸ்/சிடெஃப்ஸ்.ஹெச் எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான நிரல்கள் தேவையே இல்லாமல் சேர்த்திருக்கும், நீக்கினாலே போதும். எக்ஸெக்இன்ஃபோ.ஹெச் பேக்ட்ரேஸ் அச்சிடுவதற்கு. அது இல்லாதபோது அந்த வசதியை மட்டும் விட்டுவிட்டு பில்டு ஆகும்படி செய்யலாம். ஃப்ரீபிஎஸ்டி-யில் அந்த ஹெட்டர் உண்டு, ஆனால் லிங்க் செய்யும்போது மைனஸ் எல்எக்ஸெக்இன்ஃபோ வேண்டும்.

இதைவிடத் தந்திரமானது, ஹெட்டர் எல்லாம் கிடைத்த பிறகும் 'இன்கம்ப்ளீட் டைப்' என்று வரும் எரர். லினக்ஸில் ஒரு ஹெட்டரைச் சேர்த்தால் அது உள்ளுக்குள் இன்னும் நாலு ஹெட்டரை இழுத்துவரும். நிரலாசிரியர் அந்த இரவலிலேயே காலம் தள்ளியிருப்பார். ஸ்ட்ரக்ட் சாக்அட்ர்_இன் வேண்டுமென்றால் நெட்இநெட்/இன்.ஹெச்-ஐ நேரடியாகச் சேர்க்க வேண்டும் என்பது பிஎஸ்டி-யில் போனதும் தெரியவரும். மேஜர், மைனர், மேக்டெவ் மூன்றும் இதே ரகம். ஒரு காலத்தில் சிஸ்/டைப்ஸ்.ஹெச் வழியாகவே கிடைத்தன. 2018-இல் வந்த குளிப்சி 2.28 அந்த வழியை அடைத்துவிட்டது. அதன் பிறகு சிஸ்/சிஸ்மேக்ரோஸ்.ஹெச் சேர்க்காத நிரல்கள் லினக்ஸிலேயே உடைந்தன. அதாவது ஓஎஸ் மாறாமலேயே போர்ட்டிங் வேலை வரும்.

எந்த ஹெட்டர் எதை இழுக்கிறது என்று பார்க்க ஜிசிசி, கிளாங் இரண்டிலும் பெரிய ஹெச் ஃப்ளாக் உண்டு. இன்க்ளூட் மரத்தையே அச்சிட்டுக் காட்டும். மைனஸ் பெரிய ஈ கொடுத்தால் ப்ரீப்ராசஸர் வேலை முடிந்த முழு நிரலும் கிடைக்கும். அதில் உங்கள் டைப்பின் பெயரைத் தேடுங்கள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும்.

பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். மேக்ஓஎஸ்-இன் ஃபைல் சிஸ்டம் இயல்பாக அந்த வேறுபாட்டைப் பார்க்காது. ப்ராஜெக்டுக்குள் பெரிய எஸ்-இல் தொடங்கும் ஸ்ட்ரிங்.ஹெச் என்று ஒரு ஃபைல் இருந்து, அந்த டைரக்டரி மைனஸ் பெரிய ஐ மூலம் தேடல் பாதையிலும் இருந்தால், சிஸ்டத்தின் ஸ்ட்ரிங்.ஹெச்-க்குப் பதில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். எரர் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் வெடிக்கும். இதன் மறுபக்கம், பெரிய டபிள்யூ போட்டு விண்டோஸ்.ஹெச் என்று எழுதிய நிரல் லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸுக்கு பில்டு செய்யும் மின்ஜிடபிள்யூ கம்பைலர் மூலம் கிராஸ் கம்பைல் செய்யும்போது ஃபைல் இல்லை என்று நிற்கும். சிறிய எழுத்தில் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் ஓடும்.

இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்: இங்கேதான் பலர் பூசி மெழுகுவார்கள்

அறிவிக்கப்படாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது இன்ட் திருப்பித் தரும் என்று எடுத்துக்கொள்வது சி89 காலத்துப் பழக்கம். சி99 அதை நீக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் வெறும் வார்னிங்கோடு பல ஆண்டுகள் பொறுத்துப் போயின. 2023-இல் வந்த கிளாங் 16-உம் 2024-இல் வந்த ஜிசிசி 14-உம் அதை எரராக ஆக்கின. எனவே பழைய ப்ராஜெக்ட் ஒன்றைப் புதிய சிஸ்டத்துக்குக் கொண்டுபோகும்போது இதுதான் வாசலிலேயே நிற்கும்.

மைனஸ் டபிள்யூநோ ஃப்ளாக் போட்டு இதை அடக்கலாம். அடக்காதீர்கள். 64 பிட் கணினியில் பாயிண்டர் 8 பைட், இன்ட் 4 பைட். ஸ்ட்ரடப் போன்ற பாயிண்டர் தரும் ஃபங்ஷனுக்கு அறிவிப்பு இல்லையென்றால் கம்பைலர் அதன் விடையை 4 பைட்டாக வெட்டிவிடும். பில்டு ஆகிவிடும், ஓடும்போது செத்துவிழும். அதுவும் எப்போதும் விழாது: முகவரி சின்ன எண்ணாக இருந்தால் தப்பிக்கும், பெரிதானால் விழும். அப்படிப்பட்ட பிழையைத் துரத்துவதைவிட எரரோடு மல்லுக்கட்டுவது எவ்வளவோ மேல். பாயிண்டர் டைப் பொருந்தவில்லை என்ற எரரை காஸ்ட் போட்டு மறைப்பதும் இதே பூசி மெழுகல்தான்.

சரி, ஹெட்டரைச் சேர்த்துவிட்டீர்கள், மேன் பக்கம் சொல்லும் அதே ஹெட்டர்தான், ஆனாலும் இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் போகவில்லை. இப்போது ஃபீச்சர் டெஸ்ட் மேக்ரோ பக்கம் திரும்ப வேண்டும். சிஸ்டம் ஹெட்டர்கள் எல்லா அறிவிப்பையும் எப்போதும் காட்டுவதில்லை. எந்தத் தரத்துக்கு எழுதுகிறாய் என்று நிரலைக் கேட்டு, அதற்கேற்பக் கதவைத் திறக்கின்றன. உதாரணமாக குளிப்சி-யில் எஸ்டிடி=ஜிஎன்யூ99 என்று கம்பைல் செய்தால் ஸ்ட்ரடப் தெரியும். எஸ்டிடி=சி99 என்று கறாராகச் சொன்னால் மறைந்துவிடும், ஏனென்றால் சி99-இல் ஸ்ட்ரடப் இல்லை; அது பாசிக்ஸ் தந்தது. _பாசிக்ஸ்_சி_சோர்ஸ் மேக்ரோவுக்கு 200809எல் என்ற மதிப்பைக் கொடுத்தால் மீண்டும் தெரியும்.

இதில் புதியவர்களைத் திணறடிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த மேக்ரோ லினக்ஸில் கதவைத் திறக்கிறது; ஃப்ரீபிஎஸ்டி-யிலும் மேக்ஓஎஸ்-இலும் அதே மேக்ரோ கதவை அடைக்கிறது. அங்கே இயல்பாக எல்லாமே தெரியும். எனக்கு பாசிக்ஸ் மட்டும் போதும் என்று நிரல் அறிவித்தவுடன், பாசிக்ஸில் இல்லாத பிஎஸ்டி வசதிகள் அனைத்தும் மறைந்துவிடும். எனவே லினக்ஸுக்காக யாரோ சேர்த்த வரிதான் மேக்ஓஎஸ்-இல் எரருக்குக் காரணமாக இருக்கும். அந்த வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுக்க முடியாதென்றால் மேக்ஓஎஸ்-இல் _டார்வின்_சி_சோர்ஸ், நெட்பிஎஸ்டி-யில் _நெட்பிஎஸ்டி_சோர்ஸ், ஓபன்பிஎஸ்டி-யில் _பிஎஸ்டி_சோர்ஸ், சோலாரிஸில் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட எக்ஸ்டென்ஷன்ஸ் ஆகியவற்றைக் கூடவே கொடுத்தால் மறைந்தவை திரும்பும். லினக்ஸில் _ஜிஎன்யூ_சோர்ஸ் எல்லாக் கதவையும் திறக்கும். ஆனால் அது சில ஃபங்ஷன்களின் வடிவத்தையே மாற்றிவிடும். அதைக் கீழே சொல்கிறேன்.

இவை எல்லாம் முதல் இன்க்ளூட் வரிக்கு முன்னால் வர வேண்டும். ஒரு ஹெட்டர் உள்ளே போன பிறகு டிஃபைன் செய்வதில் பயன் இல்லை, ஏனென்றால் முடிவு அப்போதே எடுக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு ஃபைலிலும் எழுதுவதைவிட பில்டு அமைப்பில் மைனஸ் டி ஃப்ளாக்காகப் போடுவதையே நான் விரும்புகிறேன். ஃபைலுக்கு ஃபைல் வேறுபடாமல் இருக்கும்.

ஒரே பெயர், வேறு ஆள்

ஸ்ட்ரெரர்_ஆர் இதற்கு நல்ல உதாரணம். _ஜிஎன்யூ_சோர்ஸ் போட்டால் குளிப்சி தரும் வடிவம் கேர் பாயிண்டர் திருப்பும், நீங்கள் கொடுத்த பஃபரில் எதையும் எழுதாமலும் இருக்கலாம். பாசிக்ஸ் வடிவம் இன்ட் திருப்பும், பஃபரில் எழுதும். மஸ்ல், பிஎஸ்டி, மேக்ஓஎஸ் எல்லாம் இரண்டாவது வடிவம். லினக்ஸில் விடையை நேராக பிரின்ட்எஃப்-க்குக் கொடுத்த நிரல் ஆல்பைனில் 0 என்ற எண்ணை முகவரியாக எடுத்துக்கொள்ளும். கம்பைலர் எச்சரிக்கும், கேளுங்கள்.

க்யூசார்ட்_ஆர்-இல் ஆர்க்யுமென்ட் வரிசையே வேறு. பிஎஸ்டி வடிவத்தில் நம் கூடுதல் பாயிண்டர் ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு முன்னால் வரும், ஜிஎன்யூ-வில் பின்னால். ஜிஎன்யூ வரிசை 2024-ஆம் ஆண்டு பாசிக்ஸில் ஏறியது. ஃப்ரீபிஎஸ்டி 14-உம் அதற்கு மாறிவிட்டது. மேக்ஓஎஸ்-இல் இன்னும் பழைய வரிசை. த்ரெட்டுக்குப் பெயர் வைக்கும் பித்ரெட்_செட்நேம்_என்பி லினக்ஸில் இரண்டு ஆர்க்யுமென்ட் கேட்கும், மேக்ஓஎஸ்-இல் ஒன்றுதான். கடைசியில் வரும் என்பி என்ற எழுத்துகளுக்கே 'எங்கும் ஓடும் என்று எதிர்பார்க்காதே' என்றுதான் பொருள்.

சிஸ்டம் மட்டும் தந்த வசதிகளுக்கு மாற்று வழி வேண்டும். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கண்காணிக்கும் ஈபோல் லினக்ஸுடையது, அதே வேலைக்கு பிஎஸ்டி-யிலும் மேக்ஓஎஸ்-இலும் கேக்யூ. சிறு நிரல் என்றால், நூற்றுக்கணக்கான இணைப்புகள் இல்லையென்றால், பாசிக்ஸின் போல் ஃபங்ஷனுக்கே மாறிவிடுங்கள் என்பது என் கருத்து. ஒரே நிரல் எங்கும் ஓடும். பெரிதென்றால் லிப்ஈவென்ட் அல்லது லிப்யூவி லைப்ரரி. பிஎஸ்டி-யில் உடனடியாக ஓட வேண்டும், மூலநிரலைத் தொடக் கூடாது என்றால் ஈபோல்-ஷிம் என்ற லைப்ரரி கேக்யூ-வின் மேல் ஈபோல் போல நடிக்கும். ஆக்செப்ட்4, பைப்2 இரண்டும் மேக்ஓஎஸ்-இல் இல்லை. ஆக்செப்ட் செய்த பின் எஃப்சிஎன்டிஎல் கூப்பிட்டு அதே ஃப்ளாக்கை வையுங்கள். ஸ்டாட் அமைப்பில் நானோநொடி நேரம் பாசிக்ஸில் எஸ்டி_எம்டிம், மேக்ஓஎஸ்-இல் எஸ்டி_எம்டைம்ஸ்பெக்.

இஃப்டெஃப் எழுதும்போது எதைக் கேட்பது?

இப்போது கை தானாக இஃப்டெஃப் லினக்ஸ் என்று எழுதப் போகும். அங்கே சற்று நில்லுங்கள்.

முதலில் சின்ன விஷயம்: அடிக்கோடு இல்லாத வெறும் லினக்ஸ் என்ற மேக்ரோ ஜிஎன்யூ முறையில் மட்டும் இருக்கும், எஸ்டிடி=சி99 என்றால் மறைந்துவிடும். இருபக்கமும் இரட்டை அடிக்கோடு போட்டதுதான் நம்பகமானது. விண்டோஸுக்கு _வின்32, பெயரில் 32 இருந்தாலும் 64 பிட்டிலும் அதுதான். உங்கள் கம்பைலர் தானாக எவற்றை டிஃபைன் செய்கிறது என்று பார்க்க, காலி உள்ளீட்டோடு மைனஸ் டிஎம் மைனஸ் பெரிய ஈ கொடுங்கள். முழுப் பட்டியலும் வரும்.

பெரிய விஷயம், ஓஎஸ்-இன் பெயரைக் கேட்பதே பெரும்பாலும் தவறான கேள்வி. ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்ட்ரல்காபி ஃபங்ஷனின் கதையைப் பாருங்கள். 1998-இல் ஓபன்பிஎஸ்டி 2.4-இல் வந்தது. மற்ற பிஎஸ்டி-களும் மேக்ஓஎஸ்-உம் எடுத்துக்கொண்டன. குளிப்சி மட்டும் நீண்ட காலம் மறுத்துவந்தது. எனவே நிறையப் பேர் 'லினக்ஸ் என்றால் நானே ஒரு ஸ்ட்ரல்காபி எழுதிக்கொள்கிறேன்' என்று இஃப்டெஃப் போட்டார்கள். 2023-இல் குளிப்சி 2.38 அதைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டாட்டிக் போட்டு எழுதியிருந்த அந்தச் சொந்த ஃபங்ஷன்கள் எல்லாம் அன்றைக்கு 'ஸ்டாட்டிக் டிக்ளரேஷன் ஃபாலோஸ் நான்-ஸ்டாட்டிக்' என்று உடைந்தன. மஸ்லில் அது அதற்கும் முன்பே இருந்தது, மஸ்லும் லினக்ஸ்தான்! கேட்க வேண்டிய கேள்வி 'நீ லினக்ஸா' என்பதல்ல, 'உன்னிடம் ஸ்ட்ரல்காபி இருக்கிறதா' என்பது.

இதைச் சோதித்துச் சொல்ல, பில்டு கருவிகளான ஆட்டோகான்ஃபில் ஏசி_செக்_ஃபங்ஸ், சிமேக்கில் செக்_சிம்பல்_எக்ஸிஸ்ட்ஸ், மீசானில் ஹேஸ்_ஃபங்ஷன் இருக்கின்றன. விடை ஹேவ்_ஸ்ட்ரல்காபி போன்ற மேக்ரோவாக வரும். இஃப்டெஃப் அதன் மேல்தான் நிற்க வேண்டும். மஸ்ல் தனக்கென்று அடையாள மேக்ரோ எதையும் வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவில்லை. அதைப் பார்த்து எரிச்சல்படுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகத்தான் தெரிகிறது.

ஆனால் சோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்களுக்குள் இருக்கும் சோதனை நிரல்களே ஹெட்டர் சேர்க்காமல் எக்ஸிட் கூப்பிடும். புதிய கம்பைலர் அதை எரராக்கியதும், சோதனை தோற்று, 'இந்த வசதி இல்லை' என்று தப்பான முடிவு சத்தமில்லாமல் எழுதப்படும். பில்டு ஓடிவிடும், வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். கான்ஃபிக்.லாக் ஃபைலைத் திறந்து, 'நோ' என்று வந்த ஒவ்வொரு முக்கியச் சோதனையும் எந்த எரரால் தோற்றது என்று பாருங்கள். கான்ஃபிகர் ஸ்கிரிப்டே உங்கள் கணினியை அடையாளம் தெரியவில்லை என்று நின்றால் கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டும் பழையவை. புதியவற்றைப் போட்டால் போதும்.

லிங்கர் சொல்வது

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் அறிவிப்பு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. எந்த லைப்ரரியில் இருக்கிறது என்பது சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். டிஎல்ஓபன் பழைய குளிப்சி-யில் மைனஸ் எல்டிஎல் கேட்கும்; பிஎஸ்டி-யில் லிப்சி-யிலேயே இருக்கிறது. 2021-இல் வந்த குளிப்சி 2.34 லிப்டிஎல்-ஐயும் லிப்பித்ரெட்-ஐயும் லிப்சி-க்குள் இணைத்துவிட்டது. இதனால் எதிர்த்திசையில் ஒரு சிக்கல்: புதிய லினக்ஸில் ஃப்ளாக் இல்லாமலே பில்டு ஆகும் மேக்ஃபைல், பழைய லினக்ஸுக்குப் போனால் உடையும். க்ளாக்_கெட்டைம் 2.17-க்கு முன் மைனஸ் எல்ஆர்டி கேட்டது. சாக்கெட் ஃபங்ஷன்களுக்குப் பழைய சோலாரிஸ் மைனஸ் எல்சாக்கெட், மைனஸ் எல்என்எஸ்எல் கேட்கும், ஹைக்கூ ஓஎஸ் மைனஸ் எல்நெட்வொர்க், விண்டோஸ் டபிள்யூஎஸ்2_32.

லைப்ரரி பெயர் தெரியாதபோது என்எம் கட்டளைக்கு மைனஸ் பெரிய டி கொடுத்து, லிப்சி ஃபைலையே கேளுங்கள். ஃப்ளாக் சரியாக இருந்தும் எரர் வந்தால் வரிசையைப் பாருங்கள். மைனஸ் எல் ஃப்ளாக்குகள் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பின்னால் வர வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி-யின் எல்எல்டி லிங்கர் இந்த விஷயத்தில் தாராளமானது, ஜிஎன்யூ லிங்கர் கறாரானது. எனவே அங்கே ஓடிய மேக்ஃபைல் லினக்ஸில் சறுக்கலாம்.

'மல்டிபிள் டெஃபினிஷன்' வந்தால், யாரோ ஹெட்டருக்குள் எக்ஸ்டெர்ன் போடாமல் குளோபல் வேரியபிளை எழுதியிருக்கிறார்கள். 2020-இன் ஜிசிசி 10 வரை அது மன்னிக்கப்பட்டது. ஹெட்டரில் எக்ஸ்டெர்ன் சேர்த்து, ஒரே ஒரு சி ஃபைலில் வேரியபிளை வையுங்கள். மைனஸ் எஃப்காமன் போட்டும் தப்பிக்கலாம். ஐந்து நிமிட வேலைக்கு எதற்கு அது?

மஸ்ல் 1.2.4-க்குப் பிறகு எல்சீக்64, ஆஃப்64_டி போன்றவை காணவில்லை என்று வரும். 64 என்ற வாலை வெட்டிவிட்டு ஆஃப்_டி பயன்படுத்துங்கள். 32 பிட் குளிப்சி-க்காக _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் மேக்ரோவுக்கு 64 கொடுங்கள்.

மேக்ஃபைலும் ஸ்கிரிப்டும்

இஃப்ஈக்யூ உள்ள மேக்ஃபைல் பிஎஸ்டி-யின் மேக்கில் ஓடாது. ஜிமேக், அதாவது ஜிஎன்யூ மேக், நிறுவி அதை ஓட்டுங்கள், திருத்தி எழுத வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி-யில் நீங்கள் நிறுவிய லைப்ரரிகள் /யூஎஸ்ஆர்/லோக்கல்-இல் இருக்கும், சிஸ்டத்தின் கிளாங் அங்கே தானாகத் தேடாது. ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் ஹோம்ப்ரூ வைக்கும் இடம் /ஆப்ட்/ஹோம்ப்ரூ. பாதைகளைக் கையால் எழுதாமல் பிகேஜி-கான்ஃபிக்கைக் கேளுங்கள். பாஷ் எப்போதும் /பின்-இல் இருக்காது. உரையைத் திருத்தும் செட் (எஸ்-ஈ-டி) கட்டளையின் மைனஸ் ஐ மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டிலும் காப்புப் பின்னொட்டு ஒன்றைக் கட்டாயம் கேட்கும். வெளியீட்டு மேக்ஃபைலில் மைனஸ் டபிள்யூஎரர் இருந்தால் எடுத்துவிடுங்கள். இன்னொரு கம்பைலர் இன்னொரு வார்னிங் தரும், அதற்காக பில்டு நிற்கக் கூடாது. வார்னிங்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸ்

முதலில் எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். புதிய ப்ராசஸ் உருவாக்கும் ஃபோர்க்கை நம்பியிருக்கும் நிரல் என்றால், விண்டோஸில் பாசிக்ஸ் சூழல் தரும் சிக்வின். அங்கே ஃபோர்க் உண்டு. ஃபோர்க் இல்லாத சாதாரணக் கருவி என்றால் எம்எஸ்ஒய்எஸ்2-உம் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64-உம், யூனிஸ்டிடி.ஹெச், எஸ்சைஸ்_டி எல்லாம் ஓரளவு கிடைக்கும். விஷுவல் ஸ்டுடியோ கம்பைலர்தான் வேண்டும் என்றால் இரண்டும் கிடையாது; பேஸ்டிஎஸ்டி.ஹெச்-இன் பெரிய எழுத்து எஸ்சைஸ்_டி-யை டைப்டெஃப் செய்ய வேண்டியிருக்கும். நீளம் மாறும் அரேக்களையும் அந்தக் கம்பைலர் ஏற்காது, மல்லாக்கால் மாற்றுங்கள். ஜிஎம்டைம்_ஆர்-க்குப் பதிலான ஜிஎம்டைம்_எஸ்-இல் ஆர்க்யுமென்ட்கள் தலைகீழ் வரிசையில் இருக்கும்.

வின்சாக்2.ஹெச், விண்டோஸ்.ஹெச்-க்கு முன்னால் வர வேண்டும். மாற்றி வைத்தால் பழைய வின்சாக் உள்ளே நுழைந்து ரீடெஃபினிஷன் எரர்களாகக் கொட்டும். வின்32_லீன்_அண்ட்_மீன் டிஃபைன் செய்தால் இந்தத் தொல்லை குறையும். நியர், ஃபார், ஸ்மால், இன்டர்ஃபேஸ் போன்ற சாதாரணச் சொற்களையே அந்த ஹெட்டர்கள் மேக்ரோவாக்கி வைத்திருக்கின்றன. நியர் என்று ஒரு வேரியபிள் வைத்தவருக்குக் கிடைக்கும் சின்டாக்ஸ் எரரைப் பார்த்து எந்தக் காரணத்தையும் ஊகிக்க முடியாது. ப்ரீப்ராசஸர் வெளியீட்டைப் பார்ப்பதுதான் வழி. அது என்ன புண்ணியத்துக்கு என்று இன்றுவரை எனக்குக் கோபம் உண்டு.

64 பிட் விண்டோஸில் லாங் 4 பைட்தான். பாயிண்டரை லாங்கில் வைக்கும் நிரல் லினக்ஸில் தப்பித்து இங்கே மாட்டும், யூஇன்ட்பிடிஆர்_டி பயன்படுத்துங்கள். ஃபைல் திறக்கும்போது பைனரித் தரவுக்கு ஆர்பி என்று பி சேர்க்காவிட்டால் வரிமுடிவுகள் மாறும், 26 என்ற பைட் வந்த இடத்தில் ஃபைல் முடிந்துவிட்டதாக நினைக்கும். ஏயூஎக்ஸ்.சி, கான்.சி என்று ஃபைலுக்குப் பெயர் வைத்திருந்தால் கிட் குளோனே தடுமாறும். அந்தப் பெயர்கள் டாஸ் காலத்திலிருந்து ஒதுக்கப்பட்டவை.

பில்டு ஆன பிறகு

எரர் இல்லை என்பதற்காக மூட்டை கட்டிவிடாதீர்கள். மேக்ஓஎஸ்-இல் செமஃபோர் என்ற பூட்டை உருவாக்கும் செம்_இனிட் கம்பைல் ஆகும், லிங்க் ஆகும், டெப்ரிகேட்டட் என்று ஒரு வார்னிங் மட்டும் வரும். ஓடும்போது 'இந்த வசதி இல்லை' என்னும் ஈநோசிஸ் எரர் தந்து தோற்கும். திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காத நிரலில் பூட்டே இருக்காது. ம்யூடெக்ஸும் கண்டிஷன் வேரியபிளும் கொண்டு மாற்றி எழுதுங்கள்.

ஏஆர்எம் லினக்ஸில் வெறும் கேர் என்பது அன்சைன்ட், எக்ஸ்86-இல் சைன்ட், ஆப்பிளின் ஏஆர்எம்-இலும் சைன்ட்தான். கெட்கேர் தருவதைக் கேர் வேரியபிளில் வாங்கி ஈஓஎஃப் உடன் ஒப்பிடும் லூப் ஏஆர்எம் லினக்ஸில் முடியவே முடியாது. இன்ட்டில் வாங்குங்கள். இஸ்ஸ்பேஸ் போன்றவற்றுக்குக் கேர் கொடுக்கும்போது அன்சைன்ட் கேராக காஸ்ட் செய்யுங்கள். நெட்பிஎஸ்டி-யின் ஹெட்டர்கள் இதைச் செய்யாதவர்களுக்கு 'அரே சப்ஸ்கிரிப்ட் ஹேஸ் டைப் கேர்' என்று வார்னிங் வரும்படியே எழுதப்பட்டவை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் நிரல்களை ஒருமுறை நெட்பிஎஸ்டி-யில் ஓட்டிப் பார்ப்பேன்.

ப்ராஜெக்டில் டெஸ்ட் இருந்தால் புதிய சிஸ்டத்தில் ஓட்டுங்கள். அப்புறம் அதே பேட்சைப் பழைய சிஸ்டத்தில் போட்டு அங்கும் ஓட்டுங்கள். பேட்சை ஏற்றுக்கொள்ள வேண்டிய ப்ராஜெக்ட் ஆசிரியர் முதலில் கேட்பது இதைத்தான். ஹெட்டர் சேர்த்தது ஒரு பேட்ச், ஃபீச்சர் மேக்ரோ மாற்றியது இன்னொன்று, ஈபோலுக்கு மாற்று எழுதியது தனி ஒன்று என்று பிரித்து அனுப்புங்கள். முதல் இரண்டும் அன்றே ஏற்கப்படும். மூன்றாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றின் குறிப்பிலும் எரர் வரியை அப்படியே ஒட்டி, எந்த ஓஎஸ், எந்தக் கம்பைலர் பதிப்பு என்று எழுதிவிடுங்கள். அதே எரர் வரியைத் தேடிக்கொண்டு வரும் அடுத்தவருக்கு அந்தக் குறிப்பு அகப்படும்.